நடையும் நம்பிக்கையும்: ஒரு வினாப்பட்டியல் மொழி மாறும்போது நிகழ்வது என்ன?

முதியோர் மருத்துவப் பிரிவுக்கு வருவோரிடம் நடை குறித்து இரு வகையான சோதனைகள் செய்யப்படுகின்றன. முதல் வகையில், நாற்காலியிலிருந்து எழச் சொல்கிறோம். மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து அமரச் சொல்கிறோம். அதற்கு ஆகும் நேரத்தைக் குறிக்கிறோம். இரண்டாம் வகையில் நோயாளி நடக்க வேண்டியதில்லை. “கைப்பிடி இல்லாத படிக்கட்டில் ஏறுவீர்கள் என்பதில் உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை உள்ளது?” என்பது போன்ற கேள்விகளுக்கு ஓர் எண்ணால் விடை கூறினால் போதும்.

இந்த இரண்டாவது சோதனையைக் குறித்துப் பலருக்கு ஐயம் எழுகிறது. “கால்தான் வலிக்கிறது, மனத்தை ஏன் கேட்கிறீர்கள்?” என்று நோயாளிகள் வினவுகின்றனர். “இக்கேள்விகளை எல்லாம் யார் எழுதியது? நம் ஊருக்குப் பொருந்துமா?” என்று உடன் வரும் பிள்ளைகள் கேட்கின்றனர். இரண்டுமே நியாயமான வினாக்கள். ஆங்கிலத்தில் உருவான நடை நம்பிக்கை வினாப்பட்டியல் ஒன்றைத் துருக்கி மொழி பேசும் முதியோருக்கு ஏற்றவாறு அமைப்பது எவ்வாறு என்பதைச் சான்றாகக் கொண்டு, அவ்வினாக்களுக்கு இக்கட்டுரை விடை காண முயல்கிறது.

துருக்கி மொழியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அது தமிழைப் போலவே சொல்லின் இறுதியில் ஒட்டுகளைச் சேர்த்துப் பொருளை விரிக்கும் மொழி. தமிழைப் போலவே வினைச்சொல்லை வாக்கியத்தின் முடிவில் வைக்கும் மொழி. நீ, நீங்கள் என்று நாம் வேறுபடுத்துவது போல அங்கும் ‘சென்’, ‘சிஸ்’ என்ற இரு முன்னிலைச் சொற்கள் உள்ளன. அம்மொழியில் எழும் சிக்கல்களை நம் வாசகர்கள் எளிதில் உணர்வார்கள்.

நம்பிக்கையை ஏன் அளக்க வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் தரும் மதிப்பீட்டின்படி, கீழே விழுவதால் உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் உயிரிழக்கின்றனர். அவர்களுள் மிகுதியானோர் 60 வயதைக் கடந்தவர்கள். எனவே விழுதலைத் தடுப்பது முதியோர் மருத்துவத்தின் முதன்மையான பணிகளுள் ஒன்று.

விழுதலுக்குத் தசைத் தளர்ச்சி, பார்வைக் குறைவு, இரத்த அழுத்தம் திடீரெனக் குறைதல், சில மருந்துகளின் விளைவு எனப் பல காரணங்கள் உண்டு. இவற்றோடு அச்சமும் சேர்கிறது. ஒருமுறை விழுந்தவர் வெளியே செல்வதைக் குறைக்கிறார். நடை குறைவதால் தொடைத் தசைகள் மெலிகின்றன. உடலின் சமநிலை குன்றுகிறது. அதனால் மீண்டும் விழும் வாய்ப்பு கூடுகிறது. எலும்பு முறியாதபோதும், அச்சத்தின் காரணமாகவே ஒருவர் வீட்டுக்குள் முடங்கிவிடக் கூடும்.

1977ஆம் ஆண்டு உளவியல் அறிஞர் ஆல்பர்ட் பந்துரா ஒரு கருத்தை முன்வைத்தார். ஒரு செயலைச் செய்யும் திறன் இருப்பது வேறு. அச்செயலைத் தன்னால் செய்ய இயலும் என்று ஒருவர் தம்மைப் பற்றிக் கொண்டுள்ள நம்பிக்கை வேறு. ஒருவர் ஒரு செயலைத் தொடங்குவாரா, இடர் வந்தால் தொடர்வாரா என்பதை அந்நம்பிக்கை பெரிதும் முடிவு செய்கிறது என்பது அவர் கருத்து. அந்நம்பிக்கை பொதுவான மனத்துணிவு போன்றதன்று; செயலுக்குச் செயல் மாறுவது. சமதளத்தில் அஞ்சாமல் நடப்பவர் படிக்கட்டில் இறங்கத் தயங்கலாம். ஆகவேதான் “உங்களுக்குத் தன்னம்பிக்கை உண்டா?” என்று ஒரே கேள்வியாகக் கேட்காமல், படி, புல்தரை, தடை, நீண்ட தொலைவு எனத் தனித்தனியே கேட்கிறோம்.

நடைச் சோதனையும் நம்பிக்கைச் சோதனையும் ஒன்றோடொன்று பொருந்தாத நேரங்களில்தான் மருத்துவருக்கு மிகுந்த பயன் கிடைக்கிறது. நன்றாக நடக்கக் கூடியவர் மிகக் குறைந்த எண்களைக் கூறினால், அவருக்குத் தேவை அச்சத்தைக் குறைக்கும் படிப்படியான பயிற்சி. கால்கள் தளர்ந்தவர் எல்லாக் கேள்விக்கும் முழு மதிப்பெண் கூறினால், அவர் இடரான செயல்களில் இறங்கக் கூடும்; அவருக்கு வேறு வகையான அறிவுரை தேவை.

வழக்கிலுள்ள வினாப்பட்டியல்கள்

இத்துறையில் பல வினாப்பட்டியல்கள் உள்ளன. 1990இல் டினெட்டியும் அவருடைய குழுவினரும் விழுதல் குறித்த தன்னம்பிக்கைப் பட்டியல் ஒன்றை வெளியிட்டனர். 1995இல் பவல், மையர்ஸ் ஆகியோர் 16 செயல்களைக் கொண்ட சமநிலை நம்பிக்கைப் பட்டியலை அமைத்தனர். அதில் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 விழுக்காடு வரை விடை கூறலாம். 2005இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் பல நாடுகளுக்கும் பொதுவாக 16 கேள்விகள் கொண்ட பன்னாட்டு வடிவத்தை உருவாக்கினர். அதில் அளக்கப்படுவது விழுந்துவிடுவோமோ என்ற கவலை. இவ்விரு 16 கேள்விப் பட்டியல்களும் துருக்கி மொழியில் ஏற்கெனவே அமைக்கப்பட்டுள்ளன.

நடைக்கென்றே தனியாக அமைந்தவையும் உண்டு. 2007இல் கனடாவில் அசானோ, மில்லர், எங் ஆகியோர் உருவாக்கிய பட்டியலில் 22 கேள்விகள் உள்ளன. 1997இல் மெக்காலே குழுவினர் பயன்படுத்திய நடை நம்பிக்கைப் பட்டியலைத் திருத்தி, 2012இல் அமெரிக்காவில் நியூவெல் குழுவினர் வெளியிட்ட வடிவத்தில் 10 கேள்விகளே உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண். மொத்தம் 10 முதல் 100 வரை. சமதளத்தில் நடத்தல், புல்தரையில் நடத்தல், வழியிலுள்ள தடையைத் தாண்டுதல், நடைபாதை விளிம்பில் ஏறுதல், இறங்குதல், கைப்பிடியுடனும் கைப்பிடி இன்றியும் படிக்கட்டில் ஏறுதல், இறங்குதல், நீண்ட தொலைவு நடத்தல் ஆகியவை அவை. சுருக்கமாக இருப்பதால் கீழ்வரும் விளக்கத்திற்கு இதையே எடுத்துக்கொள்வோம்.

சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் போதாதா?

பத்துக் கேள்விகளை ஆங்கிலமும் துருக்கியும் அறிந்த ஒருவர் ஒரு மணி நேரத்தில் மொழிபெயர்த்துவிடலாம். ஆனால் இவ்வினாப்பட்டியல் ஓர் அளவுகோல். அளவுகோலை வேறொரு நாட்டுக்குக் கொண்டு செல்லும்போது அதன் கோடுகள் இடம் மாறக் கூடாது. அங்கு 60 என்று வரும் எண் இங்கும் அதே நிலையைக் குறிக்க வேண்டும்.

இதற்கென 2000ஆம் ஆண்டில் பீட்டன் குழுவினர் வகுத்தளித்த நெறிமுறை உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. அதன் படிநிலைகள் பின்வருமாறு:

1. இருவர் தனித்தனியே மொழிபெயர்த்தல். இருவருக்கும் இலக்கு மொழியே தாய்மொழி. ஒருவர் மருத்துவக் கருத்தை அறிந்தவர், மற்றவர் அறியாதவர். அறியாதவர் எழுதுவது பெரும்பாலும் மக்கள் பேசும் மொழிக்கு நெருக்கமாக இருக்கும்.

2. இரு மொழிபெயர்ப்புகளையும் ஒப்பிட்டு ஒன்றாக்குதல்.

3. மூலத்தைக் காணாத வேறு இருவர், அந்தப் புதிய வடிவத்தை மீண்டும் ஆங்கிலத்திற்குப் பெயர்த்தல். எங்கே பொருள் நழுவியது என்பது இதில் தெரிந்துவிடும்.

4. மருத்துவர், மொழி வல்லுநர், மொழிபெயர்ப்பாளர், ஆய்வு முறை அறிந்தவர் ஆகியோர் கூடி ஒவ்வொரு சொல்லையும் ஆராய்ந்து முடிவு செய்தல்.

5. 30 முதல் 40 பேரிடம் முன்னோட்டமாகக் கேட்டல். விடையை மட்டும் பெறாமல், “இக்கேள்வியை நீங்கள் எவ்வாறு புரிந்துகொண்டீர்கள்?” என்றும் கேட்டறிதல்.

இவற்றுள் மூன்றாம் படியைப் பலர் புகழ்வர். எனினும் ஐந்தாம் படிதான் நோயாளியின் குரல் முதன்முதலில் கேட்கும் இடம். மொழிபெயர்ப்பு இலக்கணப்படி சரியாகவே இருக்கலாம். ஆயினும் 75 வயதுப் பெண் ஒருவர் அதை வேறு பொருளில் கொண்டால் அந்த அளவுகோல் கோணலாகிவிடும்.

துருக்கி மொழியில் எழும் சிக்கல்கள்

முதற்சிக்கல் ‘நம்பிக்கை’ என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. துருக்கி மொழியில் ‘கியுவென்’ என்றால் நம்பிக்கை. அதிலிருந்தே ‘கியுவென்லி’ என்ற சொல் பிறக்கிறது. அதன் பொருள் பாதுகாப்பானது. ‘பாதுகாப்பாக நடப்பீர்கள் என்பதில் எவ்வளவு நம்பிக்கை?’ என்று பெயர்க்கும்போது ஒரே வேரிலிருந்து வந்த இரு சொற்கள் அடுத்தடுத்து நிற்கும். முதியவர் ஒருவர், “அந்த இடம் பாதுகாப்பானதா?” என்று கேட்பதாகக் கருதக் கூடும். அப்போது அவர் தம் கால்களை எண்ணி விடை கூறாமல், தெருவை எண்ணி விடை கூறுவார். மொழிபெயர்ப்போர் இதைத் தவிர்க்க, ‘உறுதியாக இருத்தல்’ என்னும் பொருள்படும் ‘எமின்’ என்ற சொல்லை நாடலாம். ‘எவ்வளவு உறுதியாக இருக்கிறீர்கள்?’ என்று கேட்டால் இடத்தைப் பற்றிய குழப்பம் நீங்கும்.

‘ஜெசாரெத்’ என்ற சொல்லும் அங்கு உண்டு. அதன் பொருள் துணிவு. அச்சொல்லைப் பயன்படுத்தினால் கேள்வியின் தன்மையே மாறிவிடும். துணிவு உண்டா என்று கேட்டால், இல்லை என்று சொல்ல ஒருவர் கூச்சப்படுவார். நடை பற்றிய கேள்வி, மானம் பற்றிய கேள்வியாகிவிடும். தமிழிலும் இதே நிலைதான். ‘நம்பிக்கை’ என்ற நம் சொல் இறை நம்பிக்கையையும், எதிர்காலம் பற்றிய எதிர்பார்ப்பையும், பிறர்பால் வைக்கும் நம்பிக்கையையும் ஒருங்கே குறிக்கிறது. ‘தைரியம் இருக்கிறதா?’ என்று கேட்டாலோ பெரியவர்கள் நிமிர்ந்து அமர்ந்து, “ஏன் இல்லை?” என்பார்கள்.

இரண்டாவது, கைப்பிடி. படிக்கட்டின் ஓரத் தடுப்புக்குத் துருக்கி மொழியில் ‘கோர்குலுக்’ என்ற பெயர் உண்டு. இச்சொல் ‘கோர்கு’ என்ற வேரிலிருந்து வந்தது. ‘கோர்கு’ என்றால் அச்சம். வயலில் நிற்கும் சோளக்கொல்லைப் பொம்மைக்கும் இதுவே பெயர். படிக்கட்டின் கைப்பிடியைக் குறிக்க ‘திரப்ஸான்’ என்ற வேறு சொல்லும் வழக்கில் உள்ளது. அச்சத்தையும் நம்பிக்கையையும் அளக்கும் வினாப்பட்டியலில் அச்சத்தின் வேர்ச்சொல்லைத் தேவையின்றி நுழைப்பானேன்? மேலும், பத்தில் நான்கு கேள்விகள் படிக்கட்டைப் பற்றியவை. அவற்றில் இரண்டுக்கும் மற்ற இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கைப்பிடி ஒன்றே. அச்சொல் எல்லா வட்டாரத்தாருக்கும் ஐயமின்றி விளங்குவது இன்றியமையாதது.

மூன்றாவது, ‘இயலும்’ என்ற கருத்து. துருக்கி மொழியில் வினையோடு ‘எபில்’ என்னும் ஒட்டைச் சேர்த்தால் இயலும் என்ற பொருள் கிடைக்கிறது. அதே ஒட்டு அனுமதியையும், நிகழக் கூடும் என்ற வாய்ப்பையும் குறிக்கும். தமிழில் ‘நடக்க முடியும்’ என்பதும் ‘நடக்கலாம்’ என்பதும் வேறு வேறு. அங்கு அவை ஒரே வடிவில் வந்துவிடக் கூடும். “என்னால் நடக்க இயலும்; ஆனால் மகன் நடக்கக் கூடாது என்கிறான்” என்பவர் என்ன எண்ணைக் கூறுவார்? வாக்கியத்தில் ‘தனியாக’, ‘உதவியின்றி’ போன்ற சொற்களும், தெளிவான முன்விளக்கமும் இங்கே துணை செய்யும்.

நான்காவது, தொலைவு. மூல வினாப்பட்டியலில் நீண்ட நடைக்கு அரை மைல் சான்றாகக் கூறப்பட்டுள்ளது. துருக்கியில் மெட்ரிக் அளவுகளே வழக்கம். அரை மைல் என்பது ஏறத்தாழ 800 மீட்டர். எண்ணை மாற்றுவது எளிது. ஆனால் 800 மீட்டர் எவ்வளவு தூரம் என்று மனக்கண்ணில் காண்பது பலருக்கும் கடினம். ‘பத்து நிமிட நடை’ என்று எழுதினால் எளிதாகத் தோன்றும். கணக்கிட்டுப் பாருங்கள்: நொடிக்கு 1.3 மீட்டர் வேகத்தில் நடப்பவர் பத்து நிமிடத்தில் ஏறத்தாழ 800 மீட்டர் கடப்பார். நொடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் நடக்கும் முதியவர் அதே நேரத்தில் 480 மீட்டர்தான் கடப்பார். நேரத்தைக் கொண்டு கேட்டால், மெதுவாக நடப்பவருக்கு எளிய கேள்வியும் விரைவாக நடப்பவருக்குக் கடினமான கேள்வியும் கேட்டதாகிவிடும். ஆகவே தொலைவை மீட்டரில் வைத்துவிட்டு, கேட்பவர் அந்தந்த ஊரில் அனைவரும் அறிந்த இரு இடங்களைச் சுட்டி விளக்குவது சிறந்த வழி.

ஐந்தாவது, தரை. சமதளத்திற்குச் சான்றாக மூலத்தில் மரத்தரை கூறப்பட்டுள்ளது. துருக்கி வீடுகளில் மரத்தரை புதியதன்று. ஆனால் அங்கு வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு, ‘தெர்லிக்’ எனப்படும் வீட்டுச் செருப்பை அணிவது வழக்கம். தரையில் கம்பளம் விரிப்பதும் வழக்கம். பின்புறம் பிடிப்பில்லாத செருப்பும், கம்பளத்தின் மடிந்த ஓரமும் முதியோரின் காலை இடறும். ‘வீட்டுத் தரை’ என்று பொதுவாக எழுதினால் கம்பளம் நினைவுக்கு வரலாம். கேள்வி நாடுவதோ மேடுபள்ளமற்ற வெறுந்தரையை.

ஆறாவது, தட்பவெப்பம். மேலே குறிப்பிட்ட 1995ஆம் ஆண்டின் சமநிலை நம்பிக்கைப் பட்டியலில், பனி உறைந்த நடைபாதையில் நடப்பது குறித்து ஒரு கேள்வி உண்டு. துருக்கியின் கிழக்கிலுள்ள எர்சுரும் நகரில் குளிர்காலம் கடுமையானது. பனி அங்கு அன்றாடக் காட்சி. தெற்குக் கடற்கரையிலுள்ள அந்தால்யாவில் அது அரிது. ஒரே நாட்டுக்குள்ளேயே ஒரே கேள்வி இரு வகையாக ஒலிக்கிறது. இத்தகைய செயலைத் தற்போது செய்யாதவர், செய்ய நேர்ந்தால் எவ்வளவு நம்பிக்கை இருக்கும் என்று எண்ணி விடை கூற வேண்டும் என்பது அப்பட்டியலின் வழிமுறை.

இவற்றோடு, மூலத்தில் இல்லாதவை பற்றிய கேள்வியும் எழுகிறது. இஸ்தான்புல் ஏழு குன்றுகளின் நகரம் எனப் பெயர் பெற்றது. அங்கே சரிவான தெருக்கள் ஏராளம். பத்துக் கேள்விகளுள் சரிவில் நடப்பது பற்றி ஒன்றும் இல்லை. தொழுகையில் மண்டியிட்டு எழுவதும் இல்லை. சேர்த்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் புதிய கேள்வியைச் சேர்த்த உடனே அது வேறொரு அளவுகோலாகிவிடும். பிற நாட்டு முடிவுகளோடு ஒப்பிட இயலாது. எனவே மூலப் பத்தையும் அப்படியே காத்து, கூடுதல் கேள்விகளை மொத்த மதிப்பெண்ணில் சேர்க்காமல் தனியே கேட்பதே முறை.

யாரிடம், எவ்வாறு கேட்பது?

துருக்கியில் இன்றுள்ள முதியோருள், குறிப்பாகச் சிற்றூர்ப் பெண்களுள், பள்ளிக் கல்வி பெறாதோர் பலர். அவர்களிடம் தாளை நீட்டி நிரப்பச் சொல்ல இயலாது. ஒருவர் படித்துக் காட்ட வேண்டும். அப்போது வேறொரு சிக்கல் தோன்றுகிறது. அங்கும் நம் ஊரைப் போலவே வயதில் மூத்த அயலாரை உறவுமுறை சொல்லி அழைப்பது வழக்கம்: மூதாட்டியைச் சிற்றன்னை முறையான ‘தெய்ஸே’ என்றும், முதியவரைச் சிற்றப்பன் முறையான ‘அம்ஜா’ என்றும் அழைப்பர். அன்போடு கேட்கும் இளைஞரை மகிழ்விக்க எண்ணி, முதியவர் தம் உண்மை நிலையை விட ஓரிரு எண்கள் கூட்டிச் சொல்வது இயல்பு. எனவே கேட்பவர் தலையசைக்காமல், வியக்காமல், எல்லா விடைகளையும் ஒரே தொனியில் ஏற்கப் பயிற்சி பெற வேண்டும்.

ஒன்று முதல் பத்து வரை எண்ணால் விடை கூறுவதும் எல்லாருக்கும் எளிதன்று. பத்துப் படிகள் கொண்ட ஏணியின் படத்தைக் காட்டி, “எந்தப் படியில் நிற்கிறீர்கள்?” என்று கேட்கலாம். எண்களின் அளவு மாறாததால் அளவுகோல் பழுதடையாது.

துருக்கி மொழி பேசுவோர் அனைவரும் துருக்கியில் இல்லை என்பதும் கருதத்தக்கது. 1961இல் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி தொழிலாளர்களாக ஜெர்மனிக்குச் சென்றோர் பலர் அங்கேயே முதுமை எய்தியுள்ளனர். அவர்களின் அன்றாடப் பேச்சில் ஜெர்மானியச் சொற்கள் கலந்துள்ளன. அவர்கள் நடக்கும் தெருக்களும் வேறு. துருக்கிக்குள்ளேயே குர்து மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோரும் உள்ளனர். அங்காராவில் சோதித்த வடிவத்தை பெர்லினில் பயன்படுத்துமுன், அங்குள்ள சிலரிடம் மீண்டும் கேட்டுப் பார்ப்பது நன்று.

புதிய வடிவம் நம்பத்தக்கதா?

சொற்கள் முடிவானபின் அளவுகோலைச் சோதிக்க வேண்டும். மூன்று வினாக்களுக்கு விடை காணப்படுகிறது.

ஒன்று, நிலைத்தன்மை. ஒரே மூட்டையைத் தராசில் இரு முறை வைத்தால் ஒரே எடை காட்ட வேண்டும். அதுபோல, உடல்நிலை மாறாத ஒருவரிடம் ஒன்று அல்லது இரண்டு வாரம் கழித்து மீண்டும் கேட்டால் ஏறத்தாழ அதே மதிப்பெண் வர வேண்டும். உடனே கேட்டால் முந்தைய விடை நினைவில் இருக்கும். மிகத் தாமதித்தால் உடல்நிலையே மாறியிருக்கும்.

இரண்டு, உள்ளிணக்கம். பத்துக் கேள்விகளும் ஒரே கருத்தைச் சுற்றி நிற்கின்றனவா என்பதை 0 முதல் 1 வரையிலான ஓர் எண்ணால் கணக்கிடுகின்றனர். பொதுவாக 0.7க்கு மேல் இருந்தால் ஏற்கத்தக்கது. நியூவெல் குழுவினர் 102 முதியோரைக் கொண்டு செய்த மூல ஆய்வில் இது 0.94.

மூன்று, பொருத்தம். நம்பிக்கை மிகுந்தவர்கள் பொதுவாக விரைவாகவும் நடக்கிறார்களா? விழுதல் பற்றிய கவலை அவர்களுக்குக் குறைவாக உள்ளதா? ஆம் எனில், அளவுகோல் அளக்க வேண்டியதையே அளக்கிறது. ஆனால் நடை வேகத்தோடு முற்றிலும் ஒத்துப்போகவும் கூடாது. அப்படி ஒத்துப்போனால் கடிகாரமே போதுமே, கேள்விகள் எதற்கு?

மதிப்பெண்ணில் இயல்பாக ஏற்படும் ஏற்ற இறக்கத்தையும் இங்கே அறியலாம். மூல ஆய்வில் அளவீட்டுப் பிழை ஏறத்தாழ 5 புள்ளிகள். அதிலிருந்து கணக்கிட்டால், ஒருவரின் மதிப்பெண் 14 அல்லது 15 புள்ளிகள் மாறினால்தான் அது உறுதியான மாற்றம் எனலாம். 62இலிருந்து 66க்கு உயர்ந்தால் மகிழ்வோம். ஆனால் அதை வைத்துச் சிகிச்சை வென்றது என்று கூற மாட்டோம். 58இலிருந்து 55க்குக் குறைந்தாலும் கவலை கொள்ள வேண்டியதில்லை. ஒவ்வொரு மொழி வடிவத்துக்கும் இக்கணக்கைத் தனியே செய்ய வேண்டும்.

நோயாளிகள் அறிய வேண்டியவை

இவ்வாறு பலர் உழைத்து அமைக்கும் ஒரு தாள், விடை கூறுவோர் மனம் திறந்தால் மட்டுமே பயன் தரும். அடுத்த முறை இத்தகைய கேள்விகள் கேட்கப்படும்போது கீழ்வருவனவற்றை நினைவில் கொள்ளுங்கள்.

இது தேர்வு அன்று. கூடுதல் மதிப்பெண் பெறுவதால் நன்மை இல்லை. குறைந்த மதிப்பெண் இழுக்கும் இல்லை. கூட்டிச் சொன்னால் உங்களுக்குத் தேவையான பயிற்சி கிடைக்காமல் போகலாம்.

இளமையில் எவ்வாறு நடந்தீர்கள் என்பதை எண்ணாமல், இன்றைய உங்கள் கால்களை எண்ணி விடை கூறுங்கள்.

கேள்வி விளங்காவிட்டால் தயங்காமல் கேளுங்கள். உங்கள் ஊரில் இல்லாத ஒன்றைப் பற்றிய கேள்வியாயின் அதையும் சொல்லுங்கள்.

ஊன்றுகோலோடு நடப்பதை எண்ணி விடை கூறுகிறீர்களா, அது இன்றியா என்பதைக் குறிப்பிடுங்கள்.

ஒரு மருத்துவமனையில் பெற்ற எண்ணை வேறிடத்துப் பட்டியலின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம். சில பட்டியல்களில் எண் கூடினால் நம்பிக்கை மிகுதி. சிலவற்றில் எண் கூடினால் கவலை மிகுதி.

குடும்பத்தார் அறிய வேண்டியவை

கேள்வி கேட்கப்படும்போது பெற்றோருக்காக நீங்கள் விடை கூறாதீர்கள். “அம்மாவால் படி ஏறவே முடியாது” என்று மகள் முந்திக்கொண்டால், அத்தாளில் பதிவாவது மகளின் அச்சம். உங்கள் கருத்தும் மருத்துவருக்குத் தேவைதான். அதைத் தனியே கூறுங்கள். இருவர் கூறுவதும் வேறுபட்டால், அவ்வேறுபாடே பயனுள்ள செய்தி.

பாதுகாப்பு கருதி, “எழுந்திருக்காதீர்கள், நான் எடுத்து வருகிறேன்” என்று நாள் முழுவதும் கூறுவது அன்பினால்தான். எனினும் நடக்காத கால் தளர்கிறது; நடக்காதவரின் நம்பிக்கையும் தளர்கிறது. நம்பிக்கை வளரும் நான்கு வழிகளைப் பந்துரா குறிப்பிட்டார். அவற்றை வீட்டில் இவ்வாறு பயன்படுத்தலாம்:

தாமே செய்து வெற்றி காணுதல்: இதுவே மிக வலிமையானது. எளியதில் தொடங்குங்கள். கூடத்தில் நடை, பின்னர் வாசல் வரை, பின்னர் கைப்பிடியுள்ள இரண்டு படிகள் என மெல்ல உயர்த்துங்கள்.

தம்மைப் போன்றவர் செய்வதைக் காணுதல்: ஒத்த வயதுடையவரோடு சேர்ந்து நடப்பது இளைஞரின் அறிவுரையை விடப் பயன் தரும்.

தகுந்தவரின் ஊக்கச் சொல்: “நேற்றைவிட இன்று இரண்டு சுற்று கூடுதலாக நடந்தீர்கள்” என்பது போல உண்மையானதும் குறிப்பானதுமாக இருக்கட்டும்.

உடலின் அறிகுறிகளைச் சரியாகப் புரிந்துகொள்ளுதல்: நடக்கும்போது மூச்சு சற்று விரைவதும் நெஞ்சு சற்றுப் படபடப்பதும் இயல்பு. அவற்றை விழப்போவதன் அறிகுறியாகக் கருத வேண்டாம்.

ஆனால் நெஞ்சு வலி, கடுமையான மூச்சுத்திணறல், தலைச்சுற்றல், திடீரென ஒரு காலில் வலுவிழப்பு ஆகியவை தோன்றினால் நடையை நிறுத்தி உடனே மருத்துவ உதவி நாடுங்கள். கடந்த ஓராண்டில் ஒருமுறை விழுந்திருந்தாலும், அடிபடாவிட்டாலும், மருத்துவரிடம் தெரிவியுங்கள். புதிய உடற்பயிற்சியைத் தொடங்குமுன் உங்கள் மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ கலந்தாலோசியுங்கள்.

நினைவில் கொள்ள

நடக்கும் திறனும் நடப்போம் என்னும் நம்பிக்கையும் வேறு வேறு. இரண்டையும் அளப்பது சிகிச்சைக்கு உதவும்.

ஒரு வினாப்பட்டியலை வேறு மொழிக்குக் கொண்டு செல்லும்போது சொல், அளவு, தரை, தட்பவெப்பம், பழக்கவழக்கம் அனைத்தையும் கருத வேண்டும். பின்னர் அம்மொழி பேசும் முதியோரிடமே அதைச் சோதிக்க வேண்டும்.

சிறிய மதிப்பெண் மாற்றம் உண்மையான மாற்றம் ஆகாது.

உங்கள் உண்மையான விடையைக் கொண்டே உங்களுக்குரிய பயிற்சியை வகுக்க முடியும். அடுத்த வருகையின்போது, விளங்காத கேள்வி எதுவாயினும் எங்களிடம் கேளுங்கள்.